விழிக்க மறுக்கும் கணிப்பொறி

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும் வழியில் அமைந்துள்ள ஊர் பென்னலூர். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த இந்நிலப்பகுதி, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் இந்தியாவின் முதன்மையான தொழில் வட்டாரங்களுள் ஒன்றாக மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கி, 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. 2007இல் டெல் நிறுவனம் அங்கே கணிப்பொறித் தொழிற்சாலையைத் திறந்தது. கணிப்பொறி பிறக்கும் மண் என்று இப்பகுதியை அழைத்தால் அது மிகையாகாது.

ஆயினும், அதே மண்ணில் உள்ள ஒரு வீட்டில் கணிப்பொறி ஒரு நாள் காலை விழிக்க மறுத்தால் நாம் செய்வது யாது? பொத்தானை நான்கு முறை அழுத்துகிறோம். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறோம். பின்னர், அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். அங்கே சொல்லப்படும் முதல் சொல்லையே தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறோம். பொருளைச் செய்யக் கற்ற நாம், அது நின்றுபோனால் நின்று நிதானித்துச் சிந்திக்கக் கற்கவில்லை. அச்சிந்தனையின் ஒழுங்கை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறி மேலே செல்வோம். பென்னலூரில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பம் உண்டு. தந்தையார் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர். மகள் முதுகலைத் தமிழ் பயிலும் மாணவி. அவளுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை அவர் வாங்கித் தந்திருந்தார். ஐப்பசி மழை கொட்டிய ஓர் இரவில் மின்சாரம் பலமுறை போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாள் காலை பொத்தானை அழுத்தியபோது விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க அவளுக்குப் பதினொரு நாள்களே எஞ்சியிருந்தன. ஆய்வேடு முழுவதும் அப்பெட்டிக்குள்தான் இருந்தது.

"போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குவதே மேல் என்று கடையில் சொல்லிவிட்டார்கள் ஐயா. பிள்ளையின் எழுத்தும் போய்விட்டதா?" என்று அத்தந்தை நம்மிடம் கேட்டார். அவருடைய வினாவில் இரண்டு வினாக்கள் அடங்கியிருந்தன. கணிப்பொறி போயிற்றா என்பது ஒன்று. எழுத்து போயிற்றா என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு என்பதை உணர்வதே தெளிவின் முதற்படி. விடைகளைப் பின்னர்க் காண்போம்.

மூன்று வகை மௌனம்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்க வேண்டும் என்கிறார். மனித உடலுக்குச் சொன்ன இம்முறை இயந்திரத்திற்கும் முற்றிலும் பொருந்தும். எனவே, 'கணிப்பொறி வேலை செய்யவில்லை' என்று பொதுவாகக் கூறுவதை விடுத்து, எவ்வாறு வேலை செய்யவில்லை என்று நோக்குதல் வேண்டும். இம்மௌனம் மூவகைப்படும்.

முதலாவது, முழு மௌனம். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை, விசிறி சுழல்வதில்லை. மின்சாரம் வரும் வழியில் எங்கோ தடை உள்ளது என்பதற்கு இது அடையாளம்.

இரண்டாவது, விழித்து உடனே உறங்குதல். விசிறி ஓரிரு நொடி சுழன்று நின்றுவிடும். உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கலாம். அதனை உணர்ந்த மின்வழங்கி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. செயலியின் மேலுள்ள விசிறி பழுதுபட்டு வெப்பம் மிகுந்தாலும் கணிப்பொறி சிறிது நேரத்தில் அணைந்துவிடும். வழங்கி தளர்ந்து, சுமையைத் தாங்க இயலாத நிலையிலும் இவ்வாறே நிகழும்.

மூன்றாவது, இயங்கியும் பேசாதிருத்தல். விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. திரையில் மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. இதனைப் பலரும் 'கணிப்பொறி ஆன் ஆகவில்லை' என்றே கூறுகின்றனர். உண்மையில் மின்சாரம் வந்துவிட்டது. குறை வேறிடத்தில் உள்ளது. திரையின் மின்கம்பி கழன்றிருக்கலாம். திரைக்கும் பெட்டிக்கும் இடையிலான கம்பி தவறான துளையில் செருகப்பட்டிருக்கலாம். ரேம் எனப்படும் நினைவகத் தகடு தன் இருக்கையில் சரியாக அமராதிருக்கலாம். நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மென்துணியால் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தியதும் உயிர்பெற்ற கணிப்பொறிகள் பல.

மின்சாரம் வரும் வழி

முழு மௌனத்தையே இங்கு விரிவாக ஆராய்வோம். வாய்க்காலில் நீர் வரவில்லை என்றால் உழவர் என்ன செய்கிறார்? கடைமடையில் நின்று பயிரைத் திட்டுவதில்லை. மதகிலிருந்து தொடங்கி வரப்பு வரப்பாக நடந்து, எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று பார்க்கிறார். மின்சாரத்திற்கும் இவ்வாறே நடந்து பார்க்க வேண்டும்.

வீட்டின் மீட்டர் பலகையிலிருந்து சுவர்ப் பிளக்கிற்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் வருகிறது. அங்கிருந்து யு.பி.எஸ். அல்லது எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக ஒரு கம்பி கணிப்பொறியின் பின்புறத்தை அடைகிறது. அங்கே எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் வழங்கப்பெறும் மின்வழங்கி உள்ளது. மாறுமின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் சிறிய நேர்மின்சாரமாக மாற்றித் தாய்ப்பலகை, வன்தட்டு ஆகியவற்றிற்குப் பகிர்ந்தளிப்பது அதன் பணி. மதர்போர்டு என்று மக்கள் கூறும் தாய்ப்பலகையில்தான் செயலியும் நினைவகமும் அமர்ந்துள்ளன.

இவ்வழியில் எந்த ஓர் இடத்தில் தடை நேர்ந்தாலும் முடிவு ஒன்றே: மௌனம். ஆகவே மௌனத்தை வைத்து மட்டும் 'தாய்ப்பலகை போயிற்று' என்று எவராலும் கூற இயலாது. வழியில் உள்ள ஏனைய இடங்களைச் சோதிக்காமல் இறுதியில் உள்ள விலையுயர்ந்த உறுப்பின் மேல் பழி போடுவது, விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பாகும்.

பொத்தான் ஒரு விண்ணப்பம்

இவ்விடத்தில் பலர் அறியாத ஒரு நுட்பத்தைக் கூறுதல் வேண்டும். பழைய கணிப்பொறிகளில் முன்புறப் பொத்தான், வீட்டு விளக்கின் சுவிட்சைப் போன்று மின்சாரத்தை நேரடியாக இணைக்கவும் துண்டிக்கவும் செய்தது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறையை வகுத்த பின்னர் இந்நிலை மாறியது. இன்றைய பொத்தான் எதனையும் நேரடியாக இணைப்பதில்லை. 'விழித்தெழுக' என்று தாய்ப்பலகைக்கு விண்ணப்பம் மட்டுமே செய்கிறது.

விண்ணப்பத்தைப் பெறுவதற்கு ஒருவர் விழித்திருக்க வேண்டுமல்லவா? அதற்காகவே, கணிப்பொறி அணைந்திருக்கும் வேளையிலும் மின்வழங்கி 5 வோல்ட் காவல் மின்சாரத்தை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரவெல்லாம் வாசலில் விழித்திருக்கும் காவலாளியைப் போன்றது அது. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகை, பச்சை நிறக் கம்பி ஒன்றின் வழியே மின்வழங்கிக்குக் குறிப்பு அனுப்புகிறது. மின்வழங்கி முழுமையாக எழுந்து, தன் வோல்ட் அளவுகள் நிலைபெற்றதும், 'யாவும் நலம்' என்னும் குறிப்பைச் சாம்பல் நிறக் கம்பி வழியே திருப்பி அனுப்புகிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நிகழும் இவ்வுரையாடல் முடிந்த பின்னரே செயலி தன் பணியைத் தொடங்குகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, காவல் மின்சாரம் நின்றுபோனால் ஏனைய உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும் கணிப்பொறி பிணம் போலக் கிடக்கும். மற்றொன்று, சில ரூபாய் விலையுள்ள பொத்தானோ அதன் மெல்லிய கம்பியோ பழுதுபட்டாலும் விண்ணப்பம் சென்று சேராது. பல தாய்ப்பலகைகளில் காவல் மின்சாரம் வந்தால் எரியும் சிறு விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்தால், மின்சாரம் தாய்ப்பலகை வரை வந்துவிட்டது. பொத்தானையும் அதன் கம்பியையும் ஐயுற வேண்டும். அது எரியாவிட்டால், தடை பெரும்பாலும் அதற்கு முன்னரே உள்ளது.

வெளியிலிருந்து உள்ளே

சோதனைக்கு மூன்று விதிகள் உண்டு. வெளியிலிருந்து உள்ளே செல்க. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மூன்றாவது விதியே தலையாயது. ஒரே வேளையில் நான்கு பொருள்களை மாற்றிக் கணிப்பொறி உயிர்பெற்றால், எது குற்றவாளி என்பது என்றும் விளங்காது.

முதலில், சுவர்ப் பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் சுவர் நிரபராதி. அடுத்து, யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவற்றை விலக்கிக் கணிப்பொறியை நேரே சுவரில் இணைக்க வேண்டும். மின்கலம் தளர்ந்த யு.பி.எஸ். தன் விளக்கைக் காட்டிக்கொண்டே சுமையைக் கைவிடுவதுண்டு. மூன்றாவதாக, மின்கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். திரைக்கும் கணிப்பொறிக்கும் ஒரே வகைக் கம்பி இருக்குமாயின் இரண்டையும் இடம் மாற்றினாலே போதும். ஒரு காசும் செலவில்லை. நான்காவதாக, பெட்டியின் பின்புறம் மின்வழங்கியில் உள்ள சிறு சுவிட்சை நோக்க வேண்டும். வீடு துடைக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்திருப்பதும் உண்டு.

இவை யாவும் சரியாக இருப்பின், கம்பியைப் பிடுங்கிவிட்டு முன்புறப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, குழம்பிக் கிடந்த சுற்றுகள் தம் தொடக்க நிலைக்குத் திரும்பும். அச்சுப்பொறி, பென் டிரைவ், ஒலிபெருக்கி ஆகிய புறப்பொருள்கள் யாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் முயலல் வேண்டும். பழுதான ஒரு புறப்பொருளே முழுக் கணிப்பொறியையும் எழவிடாமல் தடுத்திருக்கலாம்.

இதன் பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குதல் கட்டாயம். உள்ளே கைவைக்குமுன், பெட்டியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட்டு நம் உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிக்கொள்ளல் நன்று. கம்பிகள் தளர்ந்துள்ளனவா, தாய்ப்பலகையின் பெரிய 24 ஊசி இணைப்பும் செயலிக்குரிய தனி இணைப்பும் இறுக அமர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். மின்தேக்கிகள் எனப்படும் சிறு உருளைகளின் தலை வீங்கியுள்ளதா என்றும் நோக்க வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம் தளர்ந்தால் தேதியும் நேரமும் தவறுவதே வழக்கம். முழு மௌனத்திற்கு அது காரணமாவது அரிது.

பென்னலூர் வீட்டில் நாம் செய்ததும் இவ்வளவே. மேசை விளக்கு எரிந்தது. கம்பியை மாற்றியும் பயனில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தபோது தாய்ப்பலகையின் காவல் விளக்கு எரியவில்லை. மின்வழங்கி மீது ஐயம் எழுந்தது. பயன்பாட்டில் இல்லாத வேறொரு கணிப்பொறியின் மின்வழங்கியை இரவல் பெற்றுப் பொருத்தினோம். சுவரில் சுவிட்சைப் போட்டதும் காவல் விளக்கு பச்சையாக ஒளிர்ந்தது. பொத்தானை அழுத்தினாள் மகள், விசிறி சுழன்றது, திரை விழித்தது. போயிற்று என்று தீர்ப்பளிக்கப்பட்ட தாய்ப்பலகை முற்றிலும் நலமாக இருந்தது. புதிய கணிப்பொறியின் விலையில் ஒரு சிறு பங்கிலேயே குறை தீர்ந்தது.

ஒவ்வொரு முறையும் இவ்வாறு இனிதே முடியும் என்று நாம் கூற வரவில்லை. சில வேளைகளில் தாய்ப்பலகையே உண்மையில் பழுதாகியிருக்கும். ஆனால், அது சோதனையின் இறுதியில் அறியப்படும் முடிவாக இருக்க வேண்டுமேயன்றித் தொடக்கத்திலேயே கூறப்படும் ஊகமாக இருத்தல் ஆகாது.

திறக்கக் கூடாத பெட்டி

ஆர்வம் மிகுந்த மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. கணிப்பொறிப் பெட்டியைத் திறக்கலாம். அதனுள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் அதனுள் நேர்மின்சாரமாகும்போது ஏறத்தாழ 325 வோல்ட் அளவிற்கு உயர்ந்து, பெரிய மின்தேக்கிகளில் தேங்கி நிற்கிறது. கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அத்தேக்கம் சிறிது நேரம் நீடிக்கலாம். அதை வடிக்கும் உறுப்பு பழுதாகியிருந்தால் நெடுநேரம் நீடிக்கும். உயிரைப் பறிக்க வல்லது அது. மின்வழங்கியை முழுமையாக மாற்றுதலே முறை. கருகிய நாற்றம், புகை, வெடிப்பொலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, பயிற்சி பெற்றவரை அழைத்தல் வேண்டும்.

பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது விரலில் மெல்லிய சுரீர் உணர்வு தோன்றுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வீட்டில் எர்த் இணைப்பு இல்லை என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறியாகும். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒதுக்கிவிட்டு இருமுனைத் துளையில் செருகும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். கணிப்பொறியைப் பார்க்குமுன் மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிசெய்தல் வேண்டும். காப்பாற்ற வேண்டிய முதற்பொருள் உயிரேயன்றி இயந்திரம் அன்று.

நம் மண்ணின் பகைவர்கள்

அமெரிக்காவில் 1946இல் உலகிற்கு அறிமுகம் செய்யப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அவற்றுள் பல, கணிப்பொறியை இயக்கும்போதும் அணைக்கும்போதுமே பழுதுபட்டன. எனவே அதனை அணைக்காமல் வைத்திருப்பதையே பொறியாளர்கள் விரும்பினர். குழல்களின் காலம் போய்விட்டாலும் அவ்வுண்மை போகவில்லை. மின்சாரம் பாயும் முதல் நொடியே மின்வழங்கிக்குக் கடினமான நொடி. மின்வெட்டு நேர்ந்ததும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் நிலைத்த பின்னரே மீண்டும் போடுதல் நன்று. இடி மின்னல் வேளையில் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுதலே சிறந்த காப்பு.

கனரக வாகனங்கள் ஓயாது செல்லும் நெடுஞ்சாலையோர ஊர்களில் தூசி மற்றொரு பகை. அது விசிறிகளை அடைத்து வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது. வெப்பம் மின்தேக்கிகளின் ஆயுளைக் குறைக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உலகெங்கும் குறைபாடுள்ள மின்தேக்கிகள் சந்தைக்கு வந்து, எண்ணற்ற தாய்ப்பலகைகள் வீங்கிப் பாழாயின. சிறிய உறுப்பின் தரம் பெரிய இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அது சான்று.

நீர் மூன்றாம் பகை. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை, காஞ்சிபுரம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் நனைந்த கணிப்பொறியை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று உடனே இயக்குவது பெருந்தவறு. நீர் அதனைக் கொன்றிராவிட்டாலும், ஈரத்தில் பாயும் மின்சாரம் கொன்றுவிடும். சேற்றை நீக்கி, நன்கு உலர்த்திய பின்னரே பயிற்சி பெற்றவர் கையால் சோதித்தல் வேண்டும்.

பெட்டி வேறு, எழுத்து வேறு

இனி அத்தந்தையின் இரண்டாம் வினாவிற்கு வருவோம். எழுத்து போயிற்றா? நாம் எழுதியவை யாவும் வன்தட்டிலோ, புதிய கணிப்பொறிகளில் எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்புத் தகட்டிலோ பதிந்துள்ளன. மின்வழங்கி போனாலும் தாய்ப்பலகை போனாலும் அவை பெரும்பாலும் அழிவதில்லை. அதனைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்து எழுத்தை மீட்டுக்கொள்ளலாம். விளக்கு அணைந்ததால் அலமாரியிலுள்ள நூல்கள் அழிந்துவிடுவதில்லை அல்லவா?

ஆயினும், அலமாரியும் ஒரு நாள் கரையான் அரிக்கும். ஆகவே எழுத்தின் படியொன்றை வேறிடத்தில் வைத்தல் ஒவ்வொரு மாணவருக்கும் கடமையாகும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது வன்தட்டை நாமே கழற்றி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இனிப் பயனில்லை என்று உறுதியான கணிப்பொறியைக் குப்பைமேட்டில் எறியலாகாது. அதனுள் ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் உண்டு. மின்னணுக் கழிவு குறித்த விதிகள் நம் நாட்டில் 2011இல் வகுக்கப்பட்டன. 2016இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை. ஏரிநீரை நம்பி வாழும் ஊர்களுக்கு இது ஏட்டளவிலான அறிவுரை அன்று, குடிநீர்க் கடமை.

நிறைவாக

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பட்ட காலத்தில், அத்தகைய பொறியைப் பேணுவதற்குத் தனி அறையும் தனிப் பொறியாளர்களும் இருந்தனர். இன்று பள்ளியிலும் நூலகத்திலும் ஜமாஅத் அலுவலகத்திலும் ஏழை மாணவியின் மேசையிலும் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. பேணும் பொறுப்பும் அதனுடன் நம் கைக்கு வந்துவிட்டது. அப்பொறுப்பை நிறைவேற்றப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பதற்றம் தவிர்த்தல், வரிசையாக நோக்கல், ஒவ்வொன்றாக மாற்றல், ஆய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறல் ஆகிய நான்கும் போதும். இவை மொழியும் இலக்கியமும் கற்கும் மாணவர்க்குப் புதியன அல்ல. பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தைத் தெளியும் பதிப்பாசிரியரின் முறையும் இதுவே அன்றோ!

அந்த மாணவி குறித்த நாளுக்கு இரு நாள் முன்னதாகவே ஆய்வேட்டை ஒப்படைத்தாள். அதன்பின் அவள் செய்த முதல் வேலை, அதன் படியொன்றைப் பென் டிரைவில் பதிந்து தந்தையிடம் கொடுத்ததுதான். அவர் அதனை வீட்டுப் பத்திரத்துடன் சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அண்டை வீட்டில் ஒரு கணிப்பொறி நின்றுபோனால் இப்போது அவளைத்தான் அழைக்கிறார்கள். அவள் கையில் ஒரு மேசை விளக்குடன் செல்கிறாள்.